ரிப்பன் வெட்டாத செலவுகள்

வாசகர் கேள்வி:

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காவிரிக் கரையில் ஒரு சின்ன நகராட்சி எங்கள் ஊர். கடைத்தெரு டீக்கடை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதில் 'ஊர்ச் செய்தி' எழுதுவது என் வழக்கம். சாம்பிளுக்குச் சில தருகிறேன்.

'ரவுண்டானாவில் செயற்கை நீரூற்று திறப்பு. நீரூற்றுக்குத் தண்ணீர் லாரியில் வந்தது. எட்டாவது வார்டு மக்கள் குடத்தோடு வந்து கண்டுகளித்தனர்.'

'புதிய பேருந்து நிழற்குடையில் மூன்று பேர் உட்காரலாம், நான்கு பேர் சிரிக்கலாம். சிரிப்பவர்கள் மேலே படத்தில் இருக்கிறார்கள்.'

'நகராட்சி அறிவிப்பு: நிதிப் பற்றாக்குறை. பக்கத்திலேயே இன்னொரு அறிவிப்பு: நுழைவு வளைவுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப்படுகிறது.'

படிக்கிறவர்கள் சிரிக்கிறார்கள். 'போஸ்ட்மேன் சார் பின்னிட்டாரு' என்கிறார்கள். அத்தோடு சரி. போன மாதம் எங்கள் கவுன்சிலரே வந்து நின்று படித்தார், விழுந்து விழுந்து சிரித்தார், என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் எழுதுவதில் எங்கோ கோளாறு இருக்கிறது. பணம் எங்கே போகிறது என்று என்னைப் போன்ற சாமானியன் எப்படித் தெரிந்துகொள்வது? ஒருவர் அவதூறு வழக்குப் போடுவேன் என்று ஆள்விட்டுச் சொல்லியிருக்கிறார், அதற்குப் பயப்பட வேண்டுமா? வீட்டு வரியைக் கட்டாமல் நிறுத்தி எதிர்ப்பைக் காட்டலாமா?

பெயர் வேண்டாம். ஊரும் வேண்டாம்.

பதில் (உள்ளாட்சி நிதித் தணிக்கையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்):

அன்புள்ள ஐயா,

உங்கள் கவுன்சிலர் சிரித்ததில் ஆச்சரியம் இல்லை. உங்கள் பலகையில் அவருடைய தூக்கத்தைக் கெடுக்கிற சங்கதி ஒன்றுகூட இல்லை. நீரூற்று, நிழற்குடை, வளைவு எல்லாமே மேடை போட்டு, ரிப்பன் வெட்டி, கல்வெட்டு வைத்துத் திறந்தவை. அப்படித் திறக்கிற வேலைக்குக் கோப்பு எப்போதும் சுத்தமாக இருக்கும். நாலு பேர் கண்ணில் படும் என்று தெரிந்தே செய்ததல்லவா? தணிக்கைக்குப் போகும்போது நாங்கள் அந்தக் கோப்புகளைக் கடைசியில்தான் எடுப்போம். முதலில் எடுப்பது ரிப்பன் வெட்டாத செலவுகளை: பழுது பார்த்தது, வாடகைக்கு எடுத்தது, அவசரம் என்று செய்தது. அதோடு, வரவேண்டியிருந்தும் வராமலே போன பணத்தை. உங்கள் கிண்டலும் அந்தப் பக்கம் திரும்பினால் டீக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். நிழற்குடையைப் பற்றி நீங்கள் எழுதியது நல்ல வரி. ஆனால் அது நகராட்சிப் பணம்தானா என்று பார்த்தீர்களா? மேலே யார் படம், யார் பெயர் என்பதை இன்னொரு தடவை படியுங்கள். பெரும்பாலும் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, இல்லாவிட்டால் நாடாளுமன்ற உறுப்பினர் நிதி என்று எழுதியிருக்கும். எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், எம்.பி.க்கு 5 கோடி. நகராட்சியின் பங்கு இடம் கொடுப்பது. பிறகு ட்யூப்லைட் ஃபியூஸ் போனால் மாற்றுவது. நீங்கள் நகராட்சியைக் கேட்டால் 'எங்கள் நிதி இல்லை' என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். ஒரு தடவை அப்படி உங்களை மடக்கிவிட்டால், அடுத்து நீங்கள் சரியாகவே கேட்டாலும் 'இவருக்கு ஒன்றும் தெரியாது' என்ற பேர் நிற்கும்.

வீட்டுச் செலவுக்கு ஒரு டப்பா, பிள்ளை ஃபீஸுக்கு ஒரு டப்பா, கோயிலுக்கு முடிந்துவைத்த மஞ்சள் துணி ஒன்று என்று நம் வீட்டுப் பெண்கள் காசைப் பிரித்து வைப்பார்களே, நகராட்சிக் கணக்கும் அப்படித்தான். வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று மூன்று தனிக் கணக்குகள். உங்கள் வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் நூலக வரி என்று ஒன்று தனியாக இருக்கும், சொத்து வரியில் 10 சதவீதம். அது நூலகத்துக்காக வசூலித்து ஒப்படைக்க வேண்டிய பணம், நகராட்சியின் வருமானமே அல்ல. மாநில அரசின் சொந்த வரி வருவாயிலிருந்து மாநில நிதி ஆணையம் மூலமாக ஒரு பங்கு வருகிறது. மத்திய நிதிக்குழு மானியம் இன்னொன்று. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரைக்குக் கொடுத்ததில் 60 சதவீதம் கட்டுப்பட்ட மானியம்: பாதி துப்புரவுக்கு, பாதி குடிநீருக்கு. மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்கு எடுக்கலாம், ஆனால் சம்பளத்துக்குத் தொடக் கூடாது.

ஆகவே 'நிதிப் பற்றாக்குறை' என்ற அறிவிப்பும் 'ஒப்பந்தப்புள்ளி' அறிவிப்பும் ஒரே பலகையில் இருப்பது பார்க்கக் கேலிக்கூத்துதான், ஆனால் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஒரு கணக்கில் காசு வற்றிக் கிடக்கும், இன்னொன்றில் 'மார்ச்சுக்குள் செலவழி' என்று நெருக்கும். வளைவுக்கு எந்தக் கணக்கு? நமக்கு நாமே திட்டமாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு பொதுமக்கள் பங்களிப்பு இருந்தாக வேண்டும். அந்தப் பங்கைக் கட்டியது யார் பெயரில்? பொதுநிதியாக இருந்தால், அதே கணக்கிலிருந்து போக வேண்டிய எந்த வேலை தள்ளிப்போனது? 'வளைவு எதற்கு' என்று கேட்டால் 'ஊருக்கு ஒரு அடையாளம் வேண்டாமா' என்று பதில் வரும். 'எந்தத் தலைப்பில்' என்று கேட்டால் கோப்பைத் திறந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

இனி ரிப்பன் வெட்டாததற்கு வருவோம். நகர்மன்றக் கூட்டத்துக்கு அஜெண்டா அடிப்பார்கள். வழக்கமாக மாதம் ஒரு கூட்டம். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே 'அலுவலகக் குறிப்பு', அதற்கும் கீழே தீர்மானம், 'அனுமதிக்கப்பட்டது' என்று ஒற்றைச் சொல். நாற்பது ஐம்பது பொருள் இருந்தாலும் அரை மணியில் முடிந்துவிடும். உறுப்பினர்களைக் குறை சொல்லி என்ன, நகராட்சிக் கவுன்சிலருக்கு அரசு 2023 ஜூலையிலிருந்து கொடுக்கிற மதிப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். அதற்கு இவ்வளவு படிக்கச் சொன்னால் யார் படிப்பார்கள் என்று அவர்களே கேட்பதுண்டு. நீங்கள் படியுங்கள். முழுவதும் வேண்டாம். 'அவசர அவசியம் கருதி', 'முன் அனுமதி பெற்று', 'மன்றத்தின் பின்னேற்புக்கு' என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று மட்டும் பென்சிலால் கோடு போட்டு வாருங்கள். வேலை முடிந்துவிட்டது, பில்லும் போட்டாகிவிட்டது, இப்போது மன்றம் தலையாட்ட வேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். வெள்ளம் வந்த மாதத்தில் இப்படிப் பத்து இருந்தால் நியாயம். மழையே இல்லாத ஏப்ரலில் 'வடிகால் அடைப்பை நீக்க அவசரமாக' ஜேசிபி வாடகைக்கு எடுத்திருந்தால் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

ஜேசிபி என்றதும் சொல்ல வேண்டும். பார்க்கப் பார்க்க அலுக்காத கோப்பு அது. வாடகை மணிக்கணக்கில். எந்தத் தேதி, எந்தத் தெரு, எத்தனை மணி நேரம் என்று ஒரு தாள் இணைத்திருப்பார்கள். அதை வாங்கி உங்கள் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: அந்தத் தெருவுக்குள் ஜேசிபி நுழையுமா? அந்த இயந்திரம் ஏழடிக்கு மேல் அகலம். காவிரிக் கரை ஊர்களில் பழைய அக்கிரகாரத்துக்குப் பின்னால், கடைத்தெருவுக்கும் குளக்கரைக்கும் நடுவில் ஓடுகிற சந்துகளில் எதிரே ஒரு சைக்கிள் வந்தாலே நாம் ஒருக்களித்து நிற்க வேண்டும். அந்தச் சந்தில் எட்டு மணி நேரம் ஜேசிபி வேலை செய்ததாகத் தாள் சொன்னால்? மாவட்டத் தலைநகரிலிருந்து வந்து மூன்று நாள் தங்கிப் போகிற தணிக்கைக்காரருக்கு அந்தச் சந்தின் அகலம் தெரியாது. தெருப் பெயரைப் படித்துவிட்டு ரசீதில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான். பை தூக்கிக்கொண்டு அந்தச் சந்தில் நடந்தவர் நீங்கள். இந்த வேலையில் உங்களுக்கு நிகரான ஆள் எங்கள் துறையிலேயே கிடையாது.

மோட்டார் ரீவைண்டிங் அடுத்தது. ஒரே ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் ஒரு வருஷத்தில் எத்தனை முறை எரிந்தது என்று தேதி வாரியாக எழுதிப் பாருங்கள். பழுது பார்த்த தொகையைக் கூட்டினால் புது மோட்டார் வாங்கும் விலையை எட்டிவிட்டதா? எட்டியும் புதிது வாங்கவில்லை என்றால், பழுது பார்ப்பது யாருக்கோ சௌகரியமாக இருக்கிறது. பிளீச்சிங் பவுடர், எல்இடி பல்பு, கொசுமருந்து அடிக்கும் இயந்திரத்துக்கு டீசல் என்று வரிசை நீளும். எல்லாவற்றிலும் பார்க்கும் முறை ஒன்றுதான்: வாங்கிய அளவு, இருப்புப் பதிவேட்டில் ஏறிய அளவு, வெளியே கொடுத்த அளவு. மூன்றும் ஒத்துவருகிறதா? ஒத்துவந்தால் வாழ்த்திவிட்டு நகருங்கள்.

இன்னொன்று, ஒரே தெருவை மூன்று துண்டாக்கி மூன்று மதிப்பீடு போட்டிருப்பது. 'மேலத்தெரு சாலை, முதல் பகுதி, இரண்டாம் பகுதி, மூன்றாம் பகுதி' என்று அஜெண்டாவில் அடுத்தடுத்து வந்தால் தொகைகளைப் பாருங்கள். தொகை சிறுத்தால் ஒப்புதல் தரும் கையும் மாறும், டெண்டர் விதியின் கெடுபிடியும் தளரும். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998லேயே வந்துவிட்டது. அதைத் தாண்டுவதற்கு நான் பார்த்தவரை அதிகம் கையாண்ட வழி கத்தரிக்கோல்தான்.

வராத பணத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, உங்கள் பலகையில் இதுவரை ஒரு வரிகூட இடம்பெறாதது அதுதான். பேருந்து நிலையக் கடைகள், தினசரிச் சந்தை சுங்கக் குத்தகை, சைக்கிள் ஸ்டாண்டு, கட்டணக் கழிப்பிடம் எல்லாம் நகராட்சியின் சொத்து. ஒவ்வொன்றுக்கும் 'கேட்பு, வசூல், நிலுவை' என்று, அதாவது வரவேண்டியது, வந்தது, பாக்கி என்று, மூன்று பத்தியில் ஒரு பட்டியல் இருக்கும். அந்த மூன்றாவது பத்திதான் ஊரின் உண்மையான செய்தித்தாள். யார் எத்தனை மாதமாகக் கட்டவில்லை, நோட்டீஸ் போனதா, கடையைப் பூட்டினார்களா, பூட்டிய கடையை யார் சொல்லித் திறந்தார்கள் எல்லாம் அதிலிருந்து கிளம்பும். நீரூற்றுக்கு ஆன செலவு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. உங்கள் ஊர் நிலுவைப் பட்டியலின் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். பட்டியலில் உள்ள பெயர் ஒருவர், கடையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் வேறொருவர் என்றால் அது உள்வாடகை. நகராட்சிக்கு ஒரு வாடகை, நடுவில் இருப்பவருக்கு இன்னொரு வாடகை. எந்தக் கடைக்கு யார் பெயரில் கடிதம் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? (தொழில் ரகசியம் என்பீர்கள். சரி, கடிதத்தை விடுங்கள், கடைப் பலகையைப் படித்தாலே போதும்.)

வீட்டு வரியிலும் இது உண்டு. 2022இல் உயர்த்தியபோது சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடியைத் தாண்டினால் 100 சதவீதம் ஏறியது. நீங்களும் நானும் முனகிக்கொண்டே கட்டினோம். அதே தெருவில் கீழே மூன்று கடையும் மேலே லாட்ஜும் நடக்கிற கட்டடம் இன்னும் பதிவேட்டில் 'குடியிருப்பு' என்றே இருக்கும். அதை யாரும் திறப்பு விழா வைத்துச் செய்வதில்லை.

சரி, காகிதத்தை எப்படி வாங்குவது? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. உங்களுக்குத் தெரியாததில்லை. வெள்ளைத் தாளில் நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது வந்தது மழுப்பலாக இருந்தால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். இதெல்லாம் எல்லோரும் சொல்வது. நான் சொல்ல விரும்புவது கேள்வியை எப்படி எழுதுவது என்பதைப் பற்றி.

'ஏன்' என்று தொடங்கும் கேள்வியை எழுதவே எழுதாதீர்கள். 'ஏன் நீரூற்று கட்டினீர்கள்', 'மக்கள் பணத்தை வீணடிப்பது நியாயமா' என்றால், 'விளக்கம் கோருவது சட்டத்தின் வரம்பில் வராது' என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். சட்டம் கொடுப்பது இருக்கிற ஆவணத்தை. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பத்துப் பதினைந்து வருஷக் கணக்கைக் கேட்டுப் பயமுறுத்தவும் வேண்டாம். அப்படிக் கேட்டால் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் பெரிய தொகையைக் கட்டச் சொல்லி உங்களையே பயமுறுத்துவார்கள். ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ போன வருஷம் போட்ட சிமெண்ட் சாலை போதும். அதன் நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், மதிப்பீடு, பணி ஆணை, தரப் பரிசோதனை அறிக்கை, இறுதிப் பில், அதோடு அளவுப் புத்தகத்தில் அந்த வேலைக்கான பக்கங்கள். எம்.புக் என்று சொன்னால்தான் அங்கே புரியும்.

எம்.புக்கைத்தான் நீங்கள் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், ஐயா. மற்ற எல்லாம் எதைச் செய்யப்போகிறோம் என்று சொல்பவை. இது எதைச் செய்தோம் என்று உதவிப் பொறியாளர் அளந்து கையெழுத்துப் போட்டது. நீளம், அகலம், கனம் என்று மூன்று எண், அவற்றின் பெருக்கல். உதாரணத்துக்கு 100 மீட்டர் நீளம், 3.50 மீட்டர் அகலம், 0.15 மீட்டர் கனம் என்று இருந்தால் கான்கிரீட் 52.5 கன மீட்டர். அதற்குத்தான் காசு. இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இருபது மீட்டர் டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அகலத்தை ஒரே இடத்தில் அளக்காதீர்கள், முனையில், நடுவில், கோடியில் என்று பல இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். 3.20 வந்தால் 30 சென்டிமீட்டர் குறைவு. கணக்குப் போட்டால் 4.5 கன மீட்டர் கான்கிரீட் எம்.புக்கில் இருக்கிறது, தெருவில் இல்லை. 8 சதவீதத்துக்கு மேல். கனத்தை நீங்களே தோண்டிப் பார்க்க வேண்டாம், அது வம்பு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவிலேயே வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரியைச் சான்றளித்துப் பெறவும் உரிமை இருக்கிறது. மாதிரி வேண்டும் என்று எழுதிக் கேட்டவர்கள் அபூர்வம். கேட்ட ஊர்களில் அடுத்த சாலை கொஞ்சம் தடிமனாக வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தார்ச் சாலையாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும், வீடுகள் பள்ளத்தில் போகக் கூடாது என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு துறைகளுக்கு எழுதினார். உங்கள் வீட்டு வாசற்படி இப்போது எத்தனை அங்குலம் மேலே இருக்கிறது? சுரண்டியதற்கு மதிப்பீட்டில் காசு ஒதுக்கி, எம்.புக்கிலும் ஏற்றி, தெருவில் மட்டும் சுரண்டாமல் விட்டிருந்தால் அது தனிக் கதை.

பணி ஆணையில் இன்னொரு பயனுள்ள வரி இருக்கும்: பழுது ஏற்பட்டால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டிய காலம். அந்தத் தேதிவரை அவருடைய வைப்புத்தொகையை நகராட்சி பிடித்துவைத்திருக்கும். காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்னால், 'இந்தச் சாலையில் இன்னின்ன இடத்தில் பள்ளம், வைப்புத்தொகையை விடுவிக்குமுன் சரிசெய்யச் சொல்லவும்' என்று ஆணையருக்கு ஒரு கடிதம் போடுங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள். யாரையும் திருடன் என்று சொல்லவில்லை, ஆனால் அந்தக் கடிதம் கோப்பில் இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பணத்தை விடுவிக்கும் அதிகாரிக்கு நல்ல தைரியம் வேண்டும்.

தணிக்கை எதற்கு இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. 2014இல் அதற்குத் தனிச் சட்டமே வந்தது. ஆனால் தணிக்கை என்பது செலவான பிறகு வருவது. நாங்கள் தடை, அதாவது ஆட்சேபணை, எழுதுவோம். அது பத்தி எண்ணோடு நிலுவையில் நிற்கும். சில வருஷம் கழித்து, 'அப்போதிருந்த அலுவலர் மாறுதலில் சென்றுவிட்டார், கோப்பு தேடப்பட்டு வருகிறது' என்று பதில் வரும். அந்த நிலுவைத் தடைகளின் பட்டியலையும் நீங்கள் கேட்டு வாங்கலாம். ஒரே தடை வருஷா வருஷம் திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் ஊரின் பலவீனம் எங்கே என்று நாங்கள் ஏற்கெனவே எழுதிவைத்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்விட்டுக் கேட்க இடம் வேண்டும் என்றால் பகுதி சபை. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி, நகராட்சி வார்டுகளுக்கு 2022இல் விதி வகுத்துக் கொண்டுவந்தது. ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று வருஷத்துக்கு நான்கு. உங்கள் கவுன்சிலர்தான் கூட்ட வேண்டும். அவர் நல்ல ரசிகர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கே போய் நீரூற்றைப் பற்றிப் பேசாதீர்கள். எம்.புக் பக்கத்தின் நகலை நீட்டி, நீங்கள் அளந்த அளவைச் சொல்லி, கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவு செய்தார்களா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்து வாருங்கள்.

பலகையை நிறுத்த வேண்டுமா? கூடவே கூடாது. உங்களுக்குக் கை வந்த கலை அது. எண்ணை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி ஒன்று எழுதிப் பாருங்களேன்:

'மேலத்தெரு சிமெண்ட் சாலை. எம்.புக்கில் அகலம் 3.50 மீட்டர். ஞாயிறு காலை டேப்பில் 3.20. காணாமல் போன 30 சென்டிமீட்டரைக் கண்டவர்கள் நகராட்சிப் பொறியாளரிடம் ஒப்படைக்கவும்.'

அவதூறு பற்றிக் கேட்டீர்கள். நான் வக்கீல் இல்லை, கோப்புப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356ஆவது பிரிவு. பொதுநலனுக்காகச் சொன்ன உண்மைக்கும், அரசு ஊழியர் தம் பொதுக் கடமையில் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்துக்கும் அதிலேயே விலக்கு இருக்கிறது. மேலே சொன்ன சாலைச் செய்தியில் யாரையும் குற்றம் சொல்லவில்லை. இரண்டு அளவு, ஒரு கேலி, அவ்வளவே. அதையே 'இத்தனை சதவீதம் கமிஷன் இன்னாருக்குப் போனது' என்று எழுதினால் நிலைமை வேறு. கமிஷனுக்கு ரசீது கிடையாது, உங்களிடமும் இருக்காது. ஊரே பேசுகிறது என்பது கோர்ட்டில் செல்லாது. எண்ணோடு நில்லுங்கள், பெயரைத் தொடாதீர்கள், காகித நகல்களை வீட்டில் ஒரு ஃபைலில் வையுங்கள். பெரிதாக ஏதாவது அகப்பட்டால் பலகையில் போடாதீர்கள். உள்ளாட்சி முறைமன்ற நடுவத்துக்கு ஆதாரத்தோடு எழுதுங்கள், உள்ளாட்சிப் புகார்களை விசாரிக்கவென்றே அமைத்த இடம் அது. மிரட்டல் அளவுக்குப் போனால் மட்டும் உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக வீட்டு வரி. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். நீங்கள் கட்டாததால் நீரூற்று நிற்காது. குடிநீர் வாரியத்துக்கும் மின்வாரியத்துக்கும் நகராட்சி கட்ட வேண்டிய பாக்கி ஏறும், துப்புரவுப் பணியாளர் சம்பளம் தள்ளிப்போகும். இன்னொன்று, கேட்பு–வசூல்–நிலுவைப் பட்டியலைக் கேட்டு நீங்கள் மனுப் போடப் போகிறீர்கள். அந்த மூன்றாவது பத்தியில் உங்கள் பெயரே இருந்தால் அதைத்தான் முதலில் படித்துக் காட்டுவார்கள். முதல் அரையாண்டுக்கு ஏப்ரல் 30க்குள், இரண்டாவதற்கு அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். ரசீதில் அதைக் கழித்திருக்கிறார்களா என்று கவுன்ட்டரை விட்டு நகர்வதற்கு முன்னாலேயே பார்த்துவிடுங்கள்.